வீட்டு ஷெட்டுக்கு ஒரு பிளாஸ்டிங் பெட்டி: காற்றைக் கணக்குப் போட்டுவிட்டுத் தகரத்தை வெட்டுங்கள்

பழைய புல்லட்டோ ராஜ்தூத்தோ பிரித்துப் போட்டிருப்பவர்களுக்கு ஸ்விங் ஆர்மின் உள்மூலை எப்படி உயிரை வாங்கும் என்று தெரியும். எமரி பேப்பர் நுழையாது, கிரைண்டரில் மாட்டிய வயர் பிரஷ் துருவைப் பளபளப்பாக்குமே தவிர எடுக்காது. சேண்ட்பிளாஸ்டிங் பெட்டியில், அதாவது காற்றழுத்தத்தால் துகளை வீசித் துருவை உரிக்கும் பெட்டியில், அதே மூலை ஐந்து நிமிட வேலை. பெட்டியின் அமைப்பும் எளிது: மூடிய ஒரு கூடு, கை நுழைய இரண்டு ஓட்டை, பார்க்கக் கண்ணாடி, கீழே புனல், உள்ளே ஒரு கன். வெல்டிங் தெரிந்த எவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவிடலாம்.

ஆனாலும் செய்தவர்களில் பலர் ஒரு மாதத்தில் அதன்மேல் பெயிண்ட் டப்பா அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெட்டியில் குறை இருக்காது. கம்ப்ரஸர் போதாது, காற்றில் தண்ணீர், உள்ளே தூசி மண்டலம் என்று மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் முதலில் கம்ப்ரஸர், பிறகு கன், கடைசியில் பெட்டி என்ற வரிசையில் முடிவெடுங்கள்.

மணல் வேண்டாம்

பெயரில்தான் சேண்ட் இருக்கிறது. ஆற்று மணலோ எம்-சாண்டோ இந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. எம்-சாண்ட் என்பது உடைத்த கருங்கல். அதிலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, உண்டு. மணல் இரும்பில் மோதிச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அளவுச் சிலிக்கா தூளாகிறது. அது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் ஒன்றாக இது இருந்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்க மணல் வீசிய இளம் தொழிலாளர்கள் நுரையீரல் கெட்டு இறந்த பிறகு, துருக்கி 2009ல் அந்த வேலையையே தடை செய்தது. பெட்டி மூடித்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே வரும். வீட்டு ஷெட் என்றால் அடுத்த சுவர் பெரும்பாலும் சமையலறை.

மணலுக்குப் பதில் என்ன போடுவது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

காற்றுக் கணக்கு

பிஸ்டன் கம்ப்ரஸரில் ஒரு ஹெச்பிக்கு 3 முதல் 4 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்றுதான் நிஜமாகக் கிடைக்கும். பிளேட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் நகரும் கொள்ளளவின் கணக்கு. கைக்கு வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு, நல்ல மெஷினில் முக்கால் பங்கு. கடையில் கேட்கும்போது "எஃப்ஏடி எவ்வளவு, எத்தனை பிஎஸ்ஐயில்?" என்று கேளுங்கள். எஃப்ஏடி என்பது நிஜமாக வெளியே வரும் காற்று, பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு. பதில் சொல்லத் தடுமாறினால் பிளேட் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக் கணக்கிடுங்கள்.

காற்றைத் தின்பது கன்னுக்குள் இருக்கும் ஏர் ஜெட் என்ற சின்னத் துளை. 80 பிஎஸ்ஐயில் 2 மி.மீ. ஜெட் ஏறக்குறைய 8 முதல் 9 சிஎஃப்எம் எடுக்கும், 2.5 மி.மீ. 13, 3 மி.மீ. 19, 20 வரை போகும். வெளியே தெரியும் நாசிலை மாற்றினால் காற்றுச் செலவு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது, செலவை முடிவு செய்வது ஜெட்தான்.

இப்போது டேங்க். 200 லிட்டர் டேங்க் 120 பிஎஸ்ஐயிலிருந்து 80க்கு இறங்கும்போது சுமார் 19 கன அடி காற்றைத் தருகிறது. 3 ஹெச்பி கம்ப்ரஸர் 10 சிஎஃப்எம் தருகிறது, 2.5 மி.மீ. ஜெட் 13 தின்கிறது என்றால் நிமிடத்துக்கு 3 குறைவு. ஆறு நிமிடம் அடிக்கலாம், பிறகு டேங்க் ஏறும்வரை நிற்க வேண்டும். வீட்டு வேலைக்கு இது தாராளம். கைக்கும் ஓய்வு வேண்டுமே. இதையே பெயிண்ட் அடிக்கும் 1 ஹெச்பி, 50 லிட்டர் கம்ப்ரஸரில் 2 மி.மீ. ஜெட்டோடு போட்டுப் பாருங்கள்: ஒரு நிமிடம் அடித்தால் அழுத்தம் விழுந்துவிடும், மறுபடி ஏற ஒன்றரை நிமிடம் ஆகும். போல்ட், வாஷர், பிராக்கெட் சுத்தம் செய்யலாம். ஒரு வீல் ரிம்முக்கு அரை நாள் போய்விடும். அதோடு சின்ன கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் ஹெட் கொதித்து வால்வு பிளேட் போகும்.

நம் வீடுகளுக்குத் தோதானது 3 ஹெச்பி, 160 முதல் 220 லிட்டர் டேங்க், இரட்டை சிலிண்டர், பெல்ட் டிரைவ். சிங்கிள் பேஸில் இது ஓடும்போதே 15 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், ஸ்டார்ட்டில் அதைப்போலப் பல மடங்கு. ஏசிக்குப் போட்ட பிளக் பாயின்ட்டில் செருகினால் பிளக் உருகும். டிபி பாக்ஸிலிருந்து 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். வீட்டில் திரீ பேஸ் இருந்தால் 5 ஹெச்பிகூட ஒரு பேஸுக்கு 7, 8 ஆம்பியரோடு முடிந்துவிடும். மோட்டாருக்கும் அது நல்லது.

கன்

வீட்டுப் பெட்டிகளில் வருவது சக்‌ஷன் கன். ஜெட்டிலிருந்து பாயும் காற்று கன்னுக்குள் வெற்றிடம் உண்டாக்கி, அடியிலிருக்கும் துகளை ஹோஸ் வழியாக உறிஞ்சி நாசில் வழியே வீசும். துகளையே அழுத்தக் கலத்தில் வைத்துத் தள்ளும் பிரஷர் பாட் வேகமானது, ஆனால் அதற்கு இரண்டு மடங்கு கவனமும் கூடுதல் காற்றும் வேண்டும். வீட்டுக்கு சக்‌ஷன் போதும்.

நாசிலின் துளை ஜெட்டைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பதே இங்கே முக்கியமான விதி. 2 மி.மீ. ஜெட்டுக்கு 4 மி.மீ. நாசில், 2.5க்கு 5, 3க்கு 6. கன்னோடு 4, 5, 6, 7 மி.மீ. என்று நான்கு செராமிக் நாசில் கொடுப்பார்கள். பெரிதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று 7ஐ மாட்டினால் துகள் பொலபொலவென்று கொட்டும், வேகம் இருக்காது. செராமிக் மணிக்கணக்கில் தேய்ந்துவிடும்; டங்ஸ்டன் கார்பைடு நூற்றுக்கணக்கான மணி நேரம் வரும், போரான் கார்பைடு அதற்கும் மேல். துளை 1.5 மி.மீ. அகன்றுவிட்டால் மாற்றுங்கள். டிரில் பிட்டின் பின்பக்கத்தை நுழைத்துப் பார்த்தால் தேய்மானம் தெரியும்.

பெட்டியைக் கட்டுவது

உள்ளளவு 900 மி.மீ. அகலம், 600 ஆழம், 600 உயரம். 19 அங்குல ரிம்மும் திரும்பும், ஸ்விங் ஆர்மும் படுக்கும். பைக் சேஸிஸ் உள்ளே போகாது. அதை வெளியே கொடுத்துத்தான் அடிக்க வேண்டும். சேஸிஸுக்காகப் பெட்டியைப் பெரிதாக்கினால் மற்ற எல்லா வேலைக்கும் அது தொல்லை.

16 கேஜ் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஷீட்டில் 8 அடிக்கு 4 அடி இரண்டு, பிரேமுக்கு 25×25×3 மி.மீ. ஆங்கிள். புனலையும் சேர்த்துத் தகடு மட்டும் 40 கிலோ வரும்.

புனல்தான் பலரும் தவறும் இடம். 900×600 வாயிலிருந்து 100×100 அடித்துளைக்கு இறங்குகிறது என்று வையுங்கள். முன்பின் தகடுகள் கிடைமட்டமாக 250 மி.மீ. நகர்கின்றன, பக்கத் தகடுகள் 400. புனல் ஆழம் 300 வைத்தால் முன்பின் தகடு 50 டிகிரியில் அழகாக நிற்கும், பக்கத் தகடு 37 டிகிரிக்குப் படுத்துவிடும். துகள் அங்கேயே மேடு கட்டும். நடுவில் மட்டும் குழி விழுந்து கன் வெறும் காற்றை உறிஞ்சும். ஆழத்தை 400 ஆக்குங்கள்: பக்கம் 45 டிகிரி, முன்பின் 58. நான்கு மூலை மடிப்புகள் அப்போதும் 40 டிகிரிதான். அதனால் மூலை வெல்டை உள்பக்கம் கிரைண்டரில் வழவழப்பாக்கி விடுங்கள்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கை ஓட்டையின் நடு உங்கள் முழங்கை மட்டத்தில், பொதுவாகத் தரையிலிருந்து 1050 மி.மீ. அளவில் இருக்கட்டும். பொருள் வைக்கும் சல்லடைத் தளம் 850ல். புனல் 400 இறங்கினால் அடித்துளை 450ல் நிற்கும்; அதற்குக் கீழே ஒரு பக்கெட் சரியாக நுழையும். உட்கார்ந்து வேலை செய்ய நினைத்தால் ஸ்டூலில் உட்கார்ந்து அளந்துகொள்ளுங்கள். 50 மி.மீ. தவறினாலும் அரை மணியில் தோள் கடுக்கும்.

கை ஓட்டைக்கு 160 மி.மீ. பிவிசி பைப்பில் 100 மி.மீ. துண்டுகள் இரண்டு. நடுவுக்கு நடு 400 மி.மீ. துண்டைப் போல்ட்டால் இறுக்கி, 600 மி.மீ. நீள ரப்பர் கையுறையை அதன்மேல் மாட்டி, ஹோஸ் கிளிப்பால் கட்டினால் கையுறை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ரப்பரை நேராகத் தகட்டில் திருகினால் ஓட்டை ஓரத்தில் கிழியும்.

தொடர் வெல்டு போட்டால் 1.6 மி.மீ. தகடு வளையும். 75 மி.மீ.க்கு ஒரு டேக் (சின்னப் பொட்டு வெல்டு) வைத்து, மூட்டு முழுக்க உள்பக்கம் பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் இழுங்கள். காய்ந்ததும் இரவில் ஷெட் விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டிக்குள் ஒரு பல்பைப் போடுங்கள். வெளிச்சம் ஊசிமுனை அளவு கசிந்தாலும் அங்கே தூசி வரும். மார்க்கரால் குறித்துக்கொண்டு மறுபடி அடையுங்கள். கதவைப் பக்கவாட்டில் வையுங்கள். சுற்றிலும் கார் டோர் பீடிங், இரண்டு டாகிள் கிளாம்ப். முன்பக்கக் கதவு என்றால் திறக்கும்போதெல்லாம் துகள் காலில் கொட்டும்.

பார்க்கும் கண்ணாடி 450×250, 5 மி.மீ. டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி). அதை வாங்கிய பிறகு வெட்ட முடியாது, அளவு கொடுத்தே ஆர்டர் செய்ய வேண்டும். அதன் உள்பக்கம் 3 மி.மீ. சாதாரணக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள், அல்லது ஒளிபுகும் ஓஹெச்பி பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டுங்கள். தெறிக்கும் துகள் சில மணி நேரத்திலேயே அதைப் பால்போல ஆக்கிவிடும், வெளிக்கண்ணாடி தப்பிக்கும். விளக்கு, மேல்தட்டில் இன்னொரு கண்ணாடிக்கு வெளியே: 20 வாட் எல்இடி ஃபிளட் இரண்டு. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் நிழல் விழும்.

தகரம் வளைக்க வசதியில்லை என்றால் 19 மி.மீ. பிடபிள்யூபி (தண்ணீரைத் தாங்கும்) பிளைவுட்டிலும் கட்டலாம், புனல் மட்டும் தகட்டில். துகள் நேராகப் படும் பின்சுவரில் 3 மி.மீ. ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். எந்தப் பெட்டியானாலும் கன், சல்லடை, உடல் மூன்றையும் செப்பு வயரால் இணைத்து எர்த் செய்யுங்கள். துகள் ரப்பர் ஹோஸில் உரசி ஓடும்போது சேரும் ஸ்டேடிக் மின்சாரம் விரல்நுனியில் சுளீரென்று அடிக்கும். பயந்து கன்னைத் திருப்பினால் கையுறை கிழியும்.

தூசியும் தண்ணீரும்

பெட்டியும் புனலும் சேர்ந்து அரை கன மீட்டருக்குள்தான். அந்தக் காற்றை நிமிடத்துக்கு ஆறேழு முறை மாற்ற 100 சிஎஃப்எம் இழுக்கும் வேக்குவம் கிளீனர் போதும். ஆனால் நேராக மாட்டினால் ஒரு மணியில் ஃபில்டர் அடைத்துவிடும். நடுவில் மூடியிட்ட பக்கெட்டின் மேல், காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் ஒன்றை வையுங்கள். உறிஞ்சும் வாய் ஒரு பக்கச் சுவரின் மேல்புறம், காற்று நுழையும் துளை எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் முன்னால் தகட்டு மறைப்பு. இழுப்பு அதிகமானால் நல்ல துகளும் போய்விடும், கையுறை உள்பக்கம் ஊதிக்கொண்டு நிற்கும். ஹோஸில் திறந்து மூடும் துளை ஒன்று வைத்துச் சரிப்படுத்துங்கள். வேக்குவத்தில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்கட்டும், வெளியேறும் காற்று ஜன்னலுக்கு வெளியே போகட்டும். அடித்து முடித்ததும் ஒரு நிமிடம் வேக்குவம் ஓடிய பிறகே கதவைத் திறங்கள். பெட்டியைச் சுத்தம் செய்யும்போதும் பக்கெட்டைக் கொட்டும்போதும் தூசியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் போட்ட அரை முகக் கவசம் அணியுங்கள். துணி மாஸ்க் இதற்கு ஆகாது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் காற்று இரக்கமில்லாதது. 32 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் 10 சிஎஃப்எம் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் ஓடினால் 300 மி.லி. அளவுக்குத் தண்ணீர் பிரியும். டேங்க் அடியில் நிற்பது போக மீதி ஆவியாகவே ஹோஸில் ஓடி, கன்னுக்குப் பக்கத்தில் குளிர்ந்து சொட்டும். துகள் ஈர மாவுபோல ஹோஸில் அப்பிக்கொள்ளும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் டிராப்பைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டுவது பயன்படாது. அங்கே காற்று சூடாக இருக்கும், ஆவி டிராப்பைத் தாண்டிப் போய்விடும். சுவரோடு 7, 8 மீட்டர் ஜிஐ பைப்பை லேசான சரிவில் ஓட்டி, கடைக்கோடியில் கீழ்நோக்கி ஒரு கால் விட்டு டிரெயின் காக் வையுங்கள். பெட்டிக்குப் போகும் கிளையைப் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். டிராப்பும் ரெகுலேட்டரும் பெட்டியின் தோளில். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டையில் இருக்கும் துகளே ஈரம் கோத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்து, கொசு வலை கம்பிச் சல்லடையில் சலித்துப் போடுங்கள்.

என்ன துகள்

துருப்பிடித்த இரும்புக்கு 80 மெஷ் (சல்லடை அளவு) கார்னெட் என்ற சிவப்புக் கனிமத் துகள். தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை கடற்கரை மணலிலேயே கார்னெட் உண்டு. 2013ல் தமிழக அரசு அங்கே மணல் அள்ளுவதைத் தடுத்தது. உதிரியாகக் கிடைக்கும் சிவப்பு மணலை கார்னெட் என்று நம்பி வாங்காதீர்கள், அதில் சாதாரண மணலும் கலந்திருக்கும். மெஷ் அளவும், ஃப்ரீ சிலிக்கா 1 சதவீதத்துக்குக் கீழே என்பதும் அச்சிட்ட மூட்டையாக வாங்குங்கள். கார்னெட் நாலைந்து சுற்றில் பொடியாகும். பிரவுன் அலுமினியம் ஆக்ஸைடு விலை கூடுதல், ஆனால் அதைவிடப் பல சுற்று வரும், கடித்து எடுக்கும். அலுமினியப் பாகங்களுக்கு, அதாவது கிளட்ச் கவர், கார்புரேட்டர் பாடி, ஹப் இவற்றுக்கு கிளாஸ் பீட் என்ற கண்ணாடி மணி, 50, 60 பிஎஸ்ஐ. அதற்குமேல் போனால் மணி உடைந்து பரப்பைக் கீறும். ஸ்டீல் கிரிட்டை அலுமினியத்தில் அடிக்கவே கூடாது. அதில் பதியும் இரும்புத் துணுக்கு பிறகு துருக்கறையாக எழும். புனலில் 15, 20 கிலோ போதும்.

அடிக்கும்போது

எண்ணெய்ப் பசையோடு எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஒரு கிரீஸ் பிடித்த ஆக்சில் மொத்தத் துகளையும் கெடுத்துவிடும். டீசலில் கழுவி, சோப்பு நீரில் அலசி, முழுக்கக் காயவைத்துப் பிறகு அடியுங்கள். இரும்புக்கு 80 பிஎஸ்ஐ, தூரம் 100 முதல் 150 மி.மீ., சாய்வு 60 டிகிரி. செங்குத்தாக அடித்தால் துகள் நேராகக் கண்ணாடிக்கே திரும்பும். மட்கார்டு, சைடு பாக்ஸ் போன்ற மெல்லிய தகட்டில் 40 பிஎஸ்ஐ, இன்னும் சாய்வாக, ஓரிடத்தில் நிற்காமல். அங்கே தகடு வளைவது சூட்டால் அல்ல; துகள் அடித்து அடித்து ஒரு பக்கத் தோலை நீட்டிவிடுவதால். வளைந்த பிறகு டிங்கரிங்கிலும் சரியாக வராது.

மரைகளில் பழைய போல்ட் முடுக்கிவிடுங்கள், பேரிங் சீட்டுக்கு ரப்பர் கார்க். என்ஜின் கிராங்க் கேஸை உள்பக்கம் அடிக்கவே அடிக்காதீர்கள். ஆயில் துளையில் சிக்கும் நாலு கண்ணாடி மணி, பத்துக் கழுவலுக்கும் அசையாமல் இருந்துவிட்டு, என்ஜின் சூடேறும்போது வெளியே வந்து பிஸ்டனைக் கீறும். பெட்ரோல் டேங்க், பழைய பிரேக் ஷூ, குரோம் பாகங்கள் இவையும் பெட்டிக்கு வெளியே. இரும்புத் துருவுக்குப் பின் அலுமினியம் அடிப்பதாக இருந்தால் முதலில் தூசிப் பக்கெட்டைக் காலி செய்யுங்கள். நுண்ணிய அலுமினியப் பொடியும் துருப்பொடியும் கலந்தால் அது தீப்பிடிக்கும் கலவை.

அடித்த இரும்பு சாம்பல் வெள்ளையாக, பூப்போல இருக்கும். அதை வெறும் கையால் தொட்டால் மறுநாள் காலை கைரேகை துருவில் தெரியும். உலர்ந்த காற்றால் ஊதிவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் எபாக்ஸி பிரைமர், சென்னை போன்ற கடலோரத்தில் ஒரு மணிக்குள்.

வாங்குவதானால்

மேஜைமேல் வைக்கும் 90 லிட்டர் பெட்டியும், காலோடு நிற்கும் 220 லிட்டர் பெட்டியும்தான் ஆன்லைனில் அதிகம். சின்னதில் கார்புரேட்டர் அளவுக்கு மேல் திருப்ப இடமில்லை, பெரியதே மேல். வாங்கும்முன் தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், டின்போல டப் டப் என்று குழிந்தால் விடுங்கள். கன்னின் ஜெட் அளவு என்ன, தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். தகட்டு மூட்டுகள் போல்ட் போட்டவையாகவே இருக்கும், வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சீலன்ட்டால் அடைத்தே ஆக வேண்டும். உள்ளே தொங்கும் சின்ன விளக்கைக் கழற்றிவிட்டு மேல்கண்ணாடிக்கு வெளியே எல்இடி வையுங்கள். கூடவே வரும் குட்டி வேக்குவத்தை நம்ப வேண்டாம்.

நின்று நின்று வந்தால்

கன் விட்டு விட்டுத் துப்பினால் முதலில் துகளைக் கையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்றால் ஈரம். உதிர்ந்தால், உறிஞ்சும் குழாயைப் பாருங்கள். துகளோடு காற்றும் சேர்ந்து நுழைந்தால்தான் ஹோஸில் ஓடும். 20 மி.மீ. குழாயின் மேல்பகுதியில், துகள் மட்டத்துக்கு வெளியே 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, அதைப் பாதி மூடும்படி ஒரு வளையம் மாட்டுங்கள். வளையத்தைத் திருகத் திருக ஓட்டம் சீராகும் இடம் காதுக்கே தெரியும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றி, கன்னை அழுத்தி, ஹோஸ் வாயில் பெருவிரலை வையுங்கள். நன்றாக இழுத்தால் கன் நலம், அடைப்பு கீழே. இழுக்காமல் காற்று எதிர்த்து வந்தால் நாசிலில் ஏதோ மாட்டியிருக்கிறது. பெயிண்ட் தோலோ துருச் செதிலோதான் பெரும்பாலும். காற்றை மூடிவிட்டு நாசிலைக் கழற்றிப் பின்பக்கமாகத் தட்டுங்கள், விழும். செதில் அடிக்கடி வந்தால் சல்லடைத் தளத்துக்குக் கீழே புனல் வாயில் கொசு வலைக் கம்பி ஒரு மடிப்பு விரியுங்கள்.